உங்களுக்குத் தெரியுமா? பூ விரியும் நேரம், மருந்தடிக்கும் நேரம்

விருத்தாசலம் என்றதும் பலருக்குப் பீங்கான்தான் நினைவுக்கு வரும். பீங்கான் தொழிற்பேட்டையும் அந்தத் தொழிலைச் சொல்லித்தரும் அரசுக் கல்விநிலையமும் உள்ள ஊர். ஆனால் சூளைகளைத் தாண்டி நாலு மைல் போனால் கண்ணுக்கு எட்டியவரை முந்திரிக்காடு. தை, மாசியில் அது பூக்கும். மருந்துக்கடைகளில் கூட்டம் சேர்வதும் அதே தை, மாசியில்தான். பூவும் மருந்தும் ஒரே நேரத்தில் சந்தித்துக்கொண்டால் தேனீக்கு என்ன ஆகும் என்பதே இந்த முறை துணுக்குகளின் விஷயம்.

✦

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று விருத்தாசலத்தில் இருக்கிறது. கடலையிலும் எள்ளிலும் முந்திரியிலும் 'வி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் ரகங்கள் அங்கே உருவானவை. இந்த மூன்று பயிர்களுக்கும் தேனீயோடு உள்ள உறவு மூன்று விதம். நிலக்கடலைப் பூ பெரும்பாலும் விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தால் தானே கருவுற்றுவிடும். அதற்குத் தேனீ தேவையில்லை. எள் தானே சமாளித்துக்கொள்ளும், தேனீ வந்தால் காய் கூடும். முந்திரிதான் பூச்சிகளை முழுக்க நம்பியிருக்கிறது. அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. யாராவது வந்து எடுத்துப்போனால்தான் உண்டு.

✦

முந்திரியின் ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண்பூக்கள். காயாக மாறக்கூடிய இருபால் பூக்கள் சிறுபான்மை, அவற்றிலும் கடைசிவரை நின்று கொட்டையாவது ஒரு சிலவே. அந்தச் சிறுபான்மைப் பூ முற்பகலில் விரிகிறது. அந்த நேரத்தில் காட்டுக்குள் நின்று பார்த்தால் அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கடுகளவு கறுப்புத் தேனீக்கள், ஈக்கள், எறும்புகள் எல்லாம் வேலையில் இருக்கும். தேன் எடுக்க நாம் வளர்க்கும் இனங்கள் இந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு மட்டுமே. பேர்கூடத் தெரியாத சின்னத் தேனீக்கள் செய்யும் வேலை கொஞ்சநஞ்சமல்ல.

✦

முந்திரிக்குப் பெரிய எதிரி தேயிலைக் கொசு. பேர்தான் கொசு, உண்மையில் அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. துளிரிலும் பூங்காம்பிலும் ஊசிபோல் குத்தி உறிஞ்சும். அதன் எச்சில் பட்ட இடம் கறுத்துப்போய், சில நாளில் பூங்கொத்தே தீயில் வாட்டியதுபோல் காய்ந்து தொங்கும். ஒரு வருட வருமானம் கண்ணெதிரே கருகும்போது விவசாயி மருந்து தேடிப் போவதைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் அட்டவணையில் இருக்கிறது. காலங்காலமாகச் சொல்லிவரும் முறை மூன்று தெளிப்பு: துளிர் விடும்போது ஒன்று, பூக்கும்போது ஒன்று, பிஞ்சு பிடிக்கும்போது ஒன்று. நடுவில் உள்ள அந்த இரண்டாவது தெளிப்புதான் தேனீ மேல் நேரடியாக விழுகிறது. கொசு பூவைத் தேடி வரும் அதே வாரங்களில்தான் தேனீயும் பூவைத் தேடி வருகிறது. மருந்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

✦

மருந்து டப்பாவில் சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு வண்ண முக்கோணம் இருக்குமே, அது யாருக்கான எச்சரிக்கை? சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் வந்த ஏற்பாடு இது. ஆனால் இந்த அளவுகோல் எலி போன்ற ஆய்வக விலங்குகளை வைத்து, மனிதனுக்கு எவ்வளவு ஆபத்து என்று கணித்தது. தேனீ இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

தயமீத்தாக்சம் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். எலிக்குக் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொடுத்தால்தான் ஆபத்து, ஆகவே நீல முக்கோணம். தேனீக்கோ ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கே போதும். 'நீலம்தானே, ஒண்ணும் ஆகாது' என்று பூவில் அடிப்பவர் தன் உடம்பைப் பொறுத்தவரை ஓரளவு சரி. தேனீயைப் பொறுத்தவரை அந்த நீலத்துக்குப் பொருளே இல்லை. தேனீ பற்றிய எச்சரிக்கை இருந்தால் அது உள்ளே மடித்துவைத்த தாளில் பொடி எழுத்தில் இருக்கும். அந்தத் தாள் பெரும்பாலும் கடை வாசலிலேயே கிடக்கும்.

✦

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இமிடாகுளோபிரிட் என்ற மருந்து கிட்டத்தட்ட எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். உணவோடு உள்ளே போனால் தேனீக்களில் பாதியைக் கொல்லும் அளவு, தேனீ ஒன்றுக்குச் சுமார் 4 நானோகிராம் என்பது ஐரோப்பிய மதிப்பீடு. 17.8 சதவீதக் கரைசலில் 5 மில்லிலிட்டர் எடுத்தால் அதில் மூலமருந்து ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு கிராமை நாலு நாலு நானோகிராமாகப் பங்கிட்டால் 25 கோடி பங்கு வரும். தெளிக்கும் மருந்தெல்லாம் தேனீ வாய்க்குள் போவதில்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு தேக்கரண்டிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

✦

நிஜக் கொசுவை ஒழிக்க முடியவில்லை, தேனீ மட்டும் ஏன் இவ்வளவு சுலபமாகச் சாகிறது? 2006-இல் தேனீயின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டபோது ஒரு விடை கிடைத்தது. நஞ்சை உடைத்து வெளியேற்றும் 'பி450' என்ற நொதிக் குடும்பத்தில், மலேரியா பரப்பும் கொசுவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. தேனீக்கு 46 மட்டுமே. கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேனும் மகரந்தமும் தின்று வாழ்ந்த பூச்சி அது. நஞ்சோடு மல்லுக்கட்டும் தேவை அதற்கு அவ்வளவாக வந்ததில்லை.

✦

'நஞ்சு இருந்தால் தேனீக்கே தெரியும், கிட்டே வராது' என்று சொல்பவர்கள் உண்டு. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், தேனீக்களுக்குச் சாதாரணச் சர்க்கரைக் கரைசலையும் மருந்து கலந்த கரைசலையும் அருகருகே வைத்தார்கள். நியோனிகோட்டினாய்டு வகை மருந்தின் சுவையே அவற்றுக்குத் தெரியவில்லை. அதுமட்டுமல்ல, இமிடாகுளோபிரிடும் தயமீத்தாக்சமும் கலந்த கரைசலைத்தான் அதிகம் குடித்தன. இந்த மருந்துகள் மூளையில் போய் ஒட்டும் இடமும் புகையிலையின் நிகோட்டின் போய் ஒட்டும் இடமும் ஒன்றே. பழக்கத்தை விட முடியாத மனிதர்களுக்கு இது புரியும்.

✦

பெட்டி முன்னால் தேனீக்கள் நாக்கை வெளியே நீட்டியபடி குவியலாகச் செத்துக் கிடந்தால் அது மருந்தின் வேலையாக இருக்கலாம் என்று தேனீ வளர்ப்பவர்கள் ஊகித்துவிடுவார்கள். செத்த உடலே இல்லாமல் பெட்டி காலியாவது இன்னொரு வகை. 2012-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தேனீக்களின் முதுகில் நுண்ணிய மின்னணு வில்லைகளை ஒட்டி, சாகும் அளவுக்குக் கீழான தயமீத்தாக்சம் கொடுத்து வெளியே விட்டார்கள். கணிசமானவை கூட்டுக்கு வழி தெரியாமல் தொலைந்தன. பெட்டி காலியானதும் 'ஈ ஓடிப்போச்சு' என்போம். திரும்பி வர வழி தெரியாமல் போயிருக்கவும் கூடும்.

✦

இனி, 'ஒரே டேங்கில் ரெண்டையும் கலந்து அடி' என்ற விஷயம். ஆள் கூலி மிச்சம், ஒரே நாளில் வேலை முடியும். தேயிலைக் கொசு குத்திய புண்ணில் பூசணமும் ஏறுவதால், முந்திரிக்காட்டில் பூச்சி மருந்தும் பூசண மருந்தும் சேர்ந்து போவது வழக்கம்தான்.

2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இப்படிக் கலப்பதைச் சோதித்தது. அசிட்டாமிபிரிட் என்ற மருந்து தேனீக்கு ஒப்பீட்டளவில் சாது. அதனோடு புரோப்பிகோனசோல் என்ற பூசணக்கொல்லியைச் சேர்த்ததும் நஞ்சின் வீரியம் 105 மடங்கு கூடியது. தயாகுளோபிரிட் என்ற இன்னொரு 'சாது'வோடு சேர்த்தபோது 559 மடங்கு. பூசணக்கொல்லி தனியாகத் தேனீயை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அது செய்தது, மேலே சொன்ன அந்த 46 நொதிகளில் முக்கியமானவற்றைக் கட்டிப்போட்டதுதான். ஆய்வகக் கணக்கு அப்படியே காட்டில் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் 'ரெண்டுமே சாதாரண மருந்துதான்' என்ற சமாதானத்துக்கு இனி இடமில்லை.

✦

முந்திரி, தேயிலைக் கொசு, மருந்து. இந்த மூன்றும் சேர்ந்து நம் பக்கத்து மாநிலத்தில் ஒரு வரலாறே உண்டாக்கின. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் மேல் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டர் எண்டோசல்ஃபானைத் தெளித்தது. குன்றும் ஓடையும் வீடும் கலந்த நிலம் அது. ஊனத்தோடு கன்றுகள் பிறப்பதைப் பற்றி விவசாயியும் பத்திரிகையாளருமான ஸ்ரீ பத்ரே 1981-லேயே எழுதிவிட்டார். ஓடையில் மீன் செத்தது, தவளைச் சத்தம் குறைந்தது, தேனீ காணாமல் போனது என்று ஊர்க்காரர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மனிதர்களின் நோய்கள் பேசப்படுவதற்கு முன்பே இந்தச் சின்ன உயிர்கள் பேசப்பட்டன, கேட்கத்தான் ஆளில்லை. 2011 ஏப்ரலில் எண்டோசல்ஃபானை உலக அளவில் விலக்க ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் முடிவெடுத்தன. மே 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை விதித்தது.

வேடிக்கை என்னவென்றால், எண்டோசல்ஃபானைக் காப்பாற்ற வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று 'இது தேனீக்கு அதிகம் கெடுதல் செய்யாத மருந்து' என்பது. மற்ற சில மருந்துகளோடு ஒப்பிட்டால் அது பொய்யும் அல்ல. எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம்.

✦

இப்போது ஹெலிகாப்டர் போய் ட்ரோன் வந்திருக்கிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ட்ரோனுக்கு 10 லிட்டர் போதும். தண்ணீர் குறைந்தாலும் மூலமருந்து அதே அளவுதான் போகிறது என்றால், விழும் ஒவ்வொரு துளியின் காரம் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். துளி சிறிது என்பதால் பக்கத்துக் கொல்லைக்குப் பறப்பதும் சுலபம்.

✦

2008 வசந்தத்தில் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் பதினோராயிரத்துக்கும் அதிகமான தேன்பெட்டிகள் பாதிக்கப்பட்டன. அங்கே யாரும் மருந்து தெளிக்கவில்லை. மக்காச்சோள விதையில் பூசியிருந்த குளோத்தியானிடின் சரியாக ஒட்டாமல், விதைப்பு இயந்திரத்தின் காற்றோடு தூளாக வெளியேறிப் பக்கத்துப் பூக்களில் படிந்திருந்தது. அந்த மருந்து உட்பட மூன்று நியோனிகோட்டினாய்டுகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் முழுத்தடை விதித்தது. மூன்றும் நம் கடைகளில் இன்னும் விற்பனையில் உள்ளவை.

✦

தூள் மருந்து தேனீக்குத் திரவத்தைவிடக் கொடியது. தேனீயின் உடம்பு முழுக்க மகரந்தத்தை ஒட்டவைக்கும் மயிர். தூள் எது, மகரந்தம் எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் உருட்டிக் கூட்டுக்குக் கொண்டுபோய்ப் புழுவுக்கு ஊட்டிவிடும்.

✦

மாலையில் அடித்தால் தேனீக்கு ஆபத்து குறைவு. இது எல்லோரும் சொல்வது, பெரும்பாலும் சரியும்கூட. எள் இதற்கு நல்ல உதாரணம். எள்ளுப்பூ விடியலில் விரியும், வெயில் ஏற வாடும், பொழுது சாய்வதற்குள் உதிர்ந்துவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் தெளித்தால் அன்றைய பூவே செடியில் இருக்காது. முந்திரிக்கும் தேனீ நடமாட்டம் ஓய்ந்த பிறகு அடிப்பது முற்பகலில் அடிப்பதைவிட எவ்வளவோ மேல். ராத்திரியில் காய்ந்துவிடும் மருந்து, காலையில் வரும் தேனீ மேல் ஈரமாக ஒட்டாது. ஆனால் செடிக்குள் ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும் மருந்துக்கு மாலை, காலை என்ற வித்தியாசம் இல்லை. அது நாள்கணக்கில் உள்ளேயே இருக்கும்.

பந்தல் காய்களுக்கோ இந்த விதி தலைகீழ். பீர்க்கம்பூ மலர்வது பொழுது சாயும்போது. சுரைப்பூவும் அப்படியே. அவற்றைத் தேடி அந்திப்பூச்சிகளும் சில தேனீக்களும் இருட்டும் நேரத்தில்தான் வரும். அங்கே 'மாலையில் அடி' என்பது பூ விரியும்போது அடி என்றாகிவிடும். அதே குடும்பத்து நுரைப்பீர்க்கோ அதிகாலையில் பூக்கும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிடச் செடியைப் பார்ப்பது உத்தமம், அதிலும் சொந்தச் செடியை.

✦

கத்தரிப்பூவை அடுக்குத்தேனீயால் சரியாகக் கையாள முடியாது. அதன் மகரந்தப் பை மூடிய குழாய், நுனியில் மட்டும் சிறு துளை. ஊரில் கருவண்டு என்று சொல்லும் தச்சன் தேனீ அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கைத் தசையை அதிரவிட்டு, 'ர்ர்ர்' என்ற சத்தத்தோடு மகரந்தத்தை உலுக்கி எடுக்கும். முருங்கைக்கும் அதுவே முக்கிய விருந்தாளி. இந்தத் தேனீக்கு ராணியும் இல்லை, ஆயிரக்கணக்கான வேலைக்காரர்களும் இல்லை. காய்ந்த மரத்தில் துளையிட்டுத் தனியாக ஒரு தாய், ஒரு கைப்பிடி முட்டை. தேன்பெட்டியில் ஆயிரம் ஈ செத்தால் ராணி இட்டு நிரப்பிவிடும். இங்கே தாய் செத்தால் அந்தக் குடும்பமே முடிந்தது. காய்த்துளைப்பானுக்குப் பயந்து அதிகம் மருந்தடிக்கப்படும் காய்கறிகளில் கத்தரி முன்வரிசையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

✦

உலகத் தேனீ இனங்களில் பெரும்பான்மை மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. வேருக்கு ஊற்றும் மருந்து, குருணை மருந்து, விதையில் பூசிய மருந்து எல்லாம் போய்ச்சேருவது அவற்றின் வீட்டுக்குள். விதையில் பூசிய நியோனிகோட்டினாய்டில் பயிர் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான், மீதி பெரும்பகுதி மண்ணில் தங்கும்.

✦

மண்ணைக் குழைத்துக் கலம் செய்வது விருத்தாசலத்தில் மனிதர்கள் மட்டுமல்ல. சுவரிலும் சன்னல் மூலையிலும் குட்டிப் பானை வனையும் குளவியைப் பார்த்திருப்பீர்கள். அது தனக்குப் பூந்தேன் குடிக்கும். குஞ்சுக்காகப் பச்சைப் புழுக்களைக் கொட்டி மயக்கிப் பானைக்குள் அடைத்து வைக்கும். பூவையும் தொடுகிறது, புழுவையும் குறைக்கிறது. மருந்து விழுந்த பூவிலும் நஞ்சு, மருந்து தின்ற புழுவிலும் நஞ்சு என்றால் இரண்டு வழியிலும் மாட்டிக்கொள்வது அதுதான்.

✦

தேனீ செத்தால் எல்லாப் பழியும் மருந்துக்கா? இல்லை. 1991, 92-இல் தென்னிந்தியாவில் அடுக்குத்தேனீப் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது தாய்சாக் என்ற வைரஸ் நோய். மார்த்தாண்டம் பக்கம் தலைமுறையாகத் தேன் எடுத்த குடும்பங்கள் வெறும் பெட்டிகளோடு நின்றன. அந்தச் சரிவைப் பூச்சிமருந்தின் கணக்கில் எழுதுவது தவறு. மருந்தால் தளர்ந்த கூட்டத்தை நோய் சுலபமாகப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

✦

கடலைக் கொல்லை வரப்பில் தும்பையும் வெட்டுக்காயப்பூண்டும் பூத்துக் கிடந்தால் 'சுத்தமில்லாத கொல்லை' என்போம். முந்திரி பூக்காத மாதங்களில் தேனீக்குச் சோறு போடுவது அந்தக் கொல்லைதான். களைக்கொல்லி தேனீயை நேரடியாகக் கொல்ல வேண்டியதில்லை, சோற்றுக்குக் கை வைத்தாலே போதும். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, கிளைபோசேட் தேனீயின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களையும் குறைக்கிறது.

✦

பக்கத்துக் காட்டில் மருந்தடிக்கப் போகிறார்கள் என்று முதல்நாளே தெரிந்தால், தேன்பெட்டி வைத்திருப்பவர் இரவில், ஈக்கள் அடைந்த பிறகு வாசலை மூடி, ஈரச்சாக்கு போர்த்திவைக்கலாம். தெரிந்தால்.

✦

தேயிலைக் கொசுவுக்கு மருந்தில்லாத எதிரி உண்டா? உண்டு, அது முந்திரி மரத்திலேயே இருக்கிறது. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செந்நிற முசுறு எறும்பு. முந்திரி மரம் பூவில் மட்டுமல்லாமல் இலையிலும் தேன் சுரப்பதால் முசுறு அங்கே விரும்பித் தங்கும். வட ஆஸ்திரேலியாவின் முந்திரித் தோட்டங்களில் ரென்காங் பெங், கீத் கிறிஸ்டியன் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். முசுறுக் கூட்டம் நன்றாகப் பரவிய மரங்களில் கொசுவின் சேதம் மருந்தடித்த மரங்களுக்கு இணையாகக் கட்டுப்பட்டது. முந்திரிக்கொட்டையைப் பெரும்பாலும் தரையில் விழுந்த பிறகே பொறுக்குகிறோம் என்பதால் இந்தக் காவல்காரரோடு அதிகம் உரசல் வராது. மாமரத்தில் ஏறிக் காய் பறிப்பவர்களிடம் முசுறைப் பற்றி விசாரித்தீர்கள் என்றால், அவர்கள் சொல்வதை இங்கே அச்சிட முடியாது.